அவர் பெயர் என்ன?

வணக்கம் அண்ணா,

இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த பெப்பினோ இம்பஸ்தாத்தோ பற்றி எங்கள் தெருக்கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்க, பிளஸ் டூ படிக்கும் என் மகனையும் கூட்டிவந்திருந்தேன். திரும்பும்போது, “மாஃபியாவ எதிர்த்தாரு, எலெக்‌ஷன்ல நின்னாரு, முப்பது வயசுல செத்துட்டாரு. என்னம்மா பிரயோஜனம்?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நம் ஏரியாவில் எதையும் கண்டுக்காமல் போய்விடு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அது தப்பா?

வாசகி ஒருவர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள சகோதரி,

தப்பில்லை. பெப்பினோவின் அம்மா ஃபெலிச்சியாவும் மகனை நினைத்து நடுங்கியவர்தான்.

வியாசர்பாடியில் என் அம்மா இட்லிக் கடை போட்டிருந்தாள். சனிக்கிழமை ராத்திரி ஒரு பையன் வந்து நிற்பான். வாயைத் திறக்க மாட்டான். மந்தார இலைப் பொட்டலத்தின் மேல் மடித்த நோட்டை வைத்து அம்மா நீட்டுவாள். யாருக்கும்மா என்றால், “அவருக்கு.” அவர்னா யாரு? “சும்மா இரு.” தெருவில் எல்லோருக்கும் அவர் ‘அவர்’தான். பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமூல் வாங்குகிறவனுக்குக் கத்தியைவிட அந்த மௌனம்தான் பெரிய சொத்து என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

பெப்பினோ பிறந்த சினிசி என்ற ஊரிலும் ஒரு ‘அவர்’ இருந்தார். கயெத்தானோ பதலமென்டி. பெப்பினோ வீடு இருந்த அதே தெருவில் குடியிருந்தவர், அமெரிக்காவுக்கு ஹெராயின் கடத்தியவர். பெப்பினோவின் அப்பாவே மாஃபியாக்காரர்களோடு ஒட்டி உறவாடியவர். அத்தையின் கணவர் மாஃபியாத் தலைவர். 1963இல் கார் குண்டு வெடித்துச் செத்தார். அப்போது பெப்பினோவுக்கு வயது 15. அந்தக் குடும்பத்திலிருந்து வந்த பையன் பத்திரிகை நடத்தி மாஃபியாவை எழுதினான், அப்பா வீட்டைவிட்டுத் துரத்தினார். விமான நிலையத்தின் புது ஓடுபாதைக்கு நிலம் பறிபோன விவசாயிகளோடு போய் நின்றான். எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1977இல் நண்பர்களோடு ரேடியோ அவுட் என்று ஒரு சின்ன வானொலி தொடங்கினான். அதில் ஊரே கேட்க ‘அவர்’ பெயரைச் சொன்னான். வெறுமனே சொல்லவில்லை, கயெத்தானோவைச் சுருக்கி ‘உட்கார்ந்த தானோ’ என்று பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்தான். சினிசிக்கு ‘மாஃபியோபோலி’, அதாவது மாஃபியா நகரம், என்று பெயர் சூட்டினான். பயந்து பேசாதிருந்த வீடுகளுக்குள் ரேடியோ வழியாகச் சிரிப்பு நுழைந்தது. அடுத்த வருஷம் உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளராக நின்றான்.

1978 மே 9. அவனை அடித்துக் கொன்று, ரயில் தண்டவாளத்தில் போட்டு வெடி வைத்தார்கள். அன்றைக்குத்தான் தீவிரவாதிகள் கடத்திக் கொன்ற முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவின் உடல் ரோமில் கிடைத்தது. நாடே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இவனைப் பற்றிப் போலீஸ் சொன்னது: தீவிரவாதி, குண்டு வைக்கப் போய்ச் செத்தான்.

உங்கள் மகனின் கேள்விக்கான பதில் இதற்கப்புறம்தான் இருக்கிறது. நண்பர்கள் தண்டவாளத்தோரம் குனிந்து, போலீஸ் விட்டுப்போன உடல் துண்டுகளைப் பைகளில் பொறுக்கினார்கள். பக்கத்திலிருந்த பாழடைந்த வீட்டுக்குள் ரத்தக்கறை படிந்த கற்களைக் கண்டுபிடித்தார்கள். ஆளை அங்கே அடித்துத்தான் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி. சில நாளில் தேர்தல். செத்துப்போன பெப்பினோவுக்கு ஊர் ஓட்டுப் போட்டுக் கவுன்சிலராக்கியது.

ஃபெலிச்சியா பழிக்குப் பழி வேண்டாம் என்றார். மாஃபியாவோடு ஒட்டிய கணவர் வீட்டு உறவுகளை அறுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். வழக்கைத் தோண்டிய நீதிபதி ரொக்கோ கின்னீச்சியை 1983இல் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். அம்மா விடவில்லை. 2000இல் நாடாளுமன்றக் குழு, விசாரணை திசைதிருப்பப்பட்டது என்று அறிக்கை தந்தது. 2002இல் பதலமென்டிக்கு ஆயுள் தண்டனை. 24 வருஷம் ஆகியிருந்தது. மகனைக் கொன்றவன் பெயரைக் கோர்ட்டில் சொல்லிவிட்டு, 2004 டிசம்பரில் அந்த அம்மா கண்மூடினார். அதுவரை, தேடி வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்காக வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

தம்பிக்கு இன்னொரு பெயரும் சொல்லுங்கள். லீலாவதி. மதுரை வில்லாபுரத்தின் மார்க்சிஸ்ட் கவுன்சிலர், மாதர் சங்கத்துக்காரர், நெசவாளி. தண்ணீரைக் காசாக்கிய ரவுடிகளை எதிர்த்துத் தன் வார்டுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டுப் போராடியவர். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுக் காத்துக்கிடந்த நம் ஆட்களுக்கு அவர் கேட்டது என்னவென்று தெரியும். சினிசியைத் தெரிந்துகொண்ட பையனுக்கு வில்லாபுரமும் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய பேச்சில் நான் அதை விட்டது குறைதான்.

மகனைப் போய்ச் சண்டை போடச் சொல்லாதீர்கள், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் ‘அது யாரும்மா’ என்று கேட்டால், வீட்டுக்குள்ளாவது பெயரைச் சொல்லுங்கள். என் அம்மா என்னிடம் சொன்னது, அந்த ஆள் செத்துப் பத்து வருஷம் கழித்து. அப்போதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் சொன்னாள்.