ருவாஹா சஃபாரி: மூன்று நாள் திட்டத்தில் காட்டுக்குள் எத்தனை மணி நேரம்?

கேள்வி: செப்டம்பரில் நான்கு பேராகத் தான்சானியா போகிறோம். செரங்கெட்டியில் ஒரு சிங்கத்தைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும் ஜீப்புகளின் வீடியோவைப் பார்த்து, ருவாஹா தேசியப் பூங்கா போதும் என்று முடிவு செய்தோம். டார் எஸ் சலாமிலிருந்து சாலை வழியாக, ‘3 நாள் 2 இரவு, பிக் ஃபைவ் (சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம்) உறுதி, பூங்காக் கட்டணம் உட்பட’ என்கிறார் ஏஜென்ட். தங்குவது துங்கமலேங்கா கிராமத்தில். பாதிப் பணம் முன்பணம். கூட்டமில்லாத காடு என்றால் விலங்கும் குறைவாக இருக்குமோ? பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். காடும் மாதமும் சரி, திட்டம்தான் மோசம்.

விலங்கு பற்றிய பயம் வேண்டாம். ருவாஹாவும் அதை ஒட்டிய காடுகளும் சேர்ந்த நிலப்பரப்பில் ஆப்பிரிக்கச் சிங்கங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வாழ்கிறது. காட்டுநாய்களும் குடு மான்களும் உண்டு. ஆள் வராததற்கு முக்கியக் காரணம் தூரம்தான்.

செப்டம்பர் நல்ல வறட்சிக் காலம். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள உசாங்கு சமவெளியின் நெல் வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்பியதால், 1993 முதல் ஏறத்தாழ வறட்சிக் காலந்தோறும் பூங்காவின் கிரேட் ருவாஹா ஆறு ஓட்டம் நின்றுபோகிறது. அதைச் சரிசெய்யக் கூட்டங்கள் நடந்தபடியே இருக்கின்றன, தண்ணீர்தான் வரவில்லை. ஆற்றுக்குக் கேடான இதுவே பார்க்க வருபவருக்கு வசதியாகிவிடுகிறது: மிச்சமிருக்கும் மடுக்களைச் சுற்றியே எல்லா விலங்கும் நிற்கும். ம்வாகுசி போன்ற மணல் ஆறுகளில் யானை முன்காலால் மணலைச் சீய்த்து, துதிக்கையால் அள்ளி வீசி, ஊற்று ஊறும்வரை காத்திருந்து குடிக்கும். அது நகர்ந்த பிறகு பபூன் குரங்கும் இம்பாலா மானும் அந்தக் குழிக்கு வரும். எஞ்சினை அணைத்துவிட்டு அங்கே அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள்.

இனி உங்கள் ஏஜென்ட்டின் கணக்கு. டார் எஸ் சலாமிலிருந்து, பூங்காவுக்குப் போகும் வழியில் உள்ள இரிங்கா நகரம் சுமார் 500 கி.மீ. கிடோங்கா மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் ஏற வேண்டும். இரிங்கா போய்ச் சேரவே பொழுது சாயும். அதன்பின் பூங்கா வாசலுக்கு இன்னும் 100 கி.மீ.க்கு மேல், பெரும்பகுதி குண்டும் குழியும். முதல் நாள் முழுக்க வண்டியில், மூன்றாம் நாளும் அப்படியே. ஆக, காட்டுக்குள் இருப்பது ஒரே நாள். வழியில் நெடுஞ்சாலை மிகுமி பூங்காவின் நடுவே போகும். ஜன்னலில் தெரியும் நாலு வரிக்குதிரைகளை ‘முதல் நாள் சஃபாரி’ என்று எழுதும் ஆட்களும் இருக்கிறார்கள்.

பூங்காவுக்குள்ளேயே மூன்று இரவு தங்குங்கள். பூங்காவுக்குள் இருக்கும் எம்செம்பே ஓடுதளத்துக்குச் சிறிய விமானம் போகிறது. அது கட்டுப்படியாகாவிட்டால் டார் எஸ் சலாமிலிருந்து புதிய ரயிலில் தலைநகர் டொடோமா வந்து, அங்கிருந்து தார்ச்சாலையில் சுமார் 260 கி.மீ. ஓட்டி, இரிங்காவில் தூங்கி, மறுநாள் காலையில் கிளம்புங்கள்.

கட்டணத்தில்தான் பெரிய பொறி. ஒரு பெரியவருக்கு 30 டாலர், அதன்மேல் 18% வரி, மொத்தம் 35.40. (பதிவு செய்யும் முன் அதிகாரபூர்வப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இது 24 மணி நேரத்துக்கு, ஒரே ஒரு நுழைவுக்கு. துங்கமலேங்கா வாசலுக்கு வெளியே இருக்கிறது. மாலையில் தூங்க வெளியே வந்தால் அனுமதி முடிந்தது, காலையில் புதிதாகக் கட்ட வேண்டும். ‘கட்டணம் உட்பட’ என்பவர் பெரும்பாலும் ஒரு நுழைவை மட்டுமே கட்டியிருப்பார். அடுத்த நாள் ‘கிராம உலா’ என்று முளைக்கும்.

உள்ளே தங்குபவருக்குக் கணக்கு வேறு, கவனமாகப் படியுங்கள். பகல் 2 மணிக்கு நுழைந்தால் மறுநாள் 2 மணிவரை அதே அனுமதி செல்லும்: ஒரு மாலை, ஒரு காலை, இரண்டு சவாரி. மூன்று இரவு தங்கி, நான்காம் நாள் 2 மணிக்குள் வெளியேறினால் மூன்று அனுமதி போதும். காலை 9 மணிக்கு நுழைந்து நான்காம் நாள் 11 மணிக்கு வெளியேறினால் நான்காவதையும் கேட்பார்கள். நேரம் ரசீதில் இருக்கும், கெஞ்சிப் பயனில்லை. உள்ளே தங்குவதற்கான கட்டணம் தனி.

வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டை, அல்லது அரசு தரும் கட்டண எண் வழியாகத்தான். ‘கேட்டில் கட்ட கையில் டாலர் கொடுங்கள்’ என்று ஓட்டுநர் கேட்டால், அந்தப் பணம் பூங்காவுக்குப் போகப்போவதில்லை.

‘பிக் ஃபைவ் உறுதி’ என்பதும் பொய். ருவாஹாவில் காண்டாமிருகம் பார்க்க முடியாது. இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த ஏஜென்ட்டை விட்டுவிடலாம்.

நல்ல வழிகாட்டிக்குப் பணம் செலவழியுங்கள். செரங்கெட்டியில் ஓட்டுநர்கள் வண்டியிலுள்ள வயர்லெஸ்ஸில் ஒருவருக்கொருவர் இடம் சொல்லிவிடுவார்கள். இங்கே சிங்கத்தைக் காட்டிக்கொடுக்கப் பெரும்பாலும் வேறு வண்டி இருக்காது. நகரத்திலிருந்து வரும் ஓட்டுநருக்குச் சாலை தெரியும், கால்தடம் தெரியாது. அங்கேயே தங்கி வேலை பார்க்கும் வழிகாட்டியைக் கேளுங்கள். நால்வருக்கும் ஜன்னல் இருக்கை, இரண்டு மாற்று டயர் (வேலமுள் சும்மா விடாது), நான்கு சக்கர இழுவை, இவற்றை எழுத்தில் வாங்குங்கள். மினிவேன் என்றால் மணல் ஆற்றில் தள்ளத் தயாராகுங்கள்.

சிறிய விமானத்தில் பொதுவாக 15 கிலோ, மடங்கும் துணிப்பை மட்டுமே. பிளாஸ்டிக் கேரி பேக் 2019 முதல் நாட்டிலேயே தடை. கறுப்பு, கருநீல உடை ட்ஸெட்ஸி ஈயை இழுக்கும், காக்கி போதும். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே தொடங்குங்கள். நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக 12 மணி நேரத்துக்கு மேல் தங்கிப் போவதாக இருந்தால், மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டு, அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.