கொலோன் நகரில் வெளியே சாப்பிடுவது: கேளுங்கள், சொல்கிறேன்

ஜெர்மனியின் கொலோனுக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. படிக்கும் காலத்தில் இரண்டு வருடம் ஒரு ப்ரௌஹவுஸ் சமையலறையில் வேலை பார்த்தேன். ப்ரௌஹவுஸ் என்றால் நீள மேசைகள் போட்டு, இவ்வூர்ப் பியரான கோல்ஷும் இவ்வூர்ச் சாப்பாடும் பரிமாறும் பெரிய கூடம். என் கணவர் வீடு சைவம். அதனால் அடுப்பங்கரைப் பக்கமும் தெரியும், மேசையில் உட்கார்ந்து தவிக்கும் பக்கமும் தெரியும். எந்தக் கேள்விக்கும் முன்னால் ஒன்று: பையில் ரொக்கம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆகனில் படிக்கும் மாணவர்: அக்கா, ப்ரௌஹவுஸில் ஒரே ஒரு பியர்தான் கேட்டேன். அடுத்தடுத்து ஐந்து வந்தது, ஐந்துக்கும் காசு வாங்கிவிட்டார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி, அங்கே வழக்கமே அதுதான். கோல்ஷ் குவளை 200 மில்லிதான் பிடிக்கும். சீக்கிரம் நுரை அடங்கிச் சப்பென்று ஆகிவிடும் பியர் என்பதால் சின்னக் குவளையில் அடிக்கடி புதிதாகத் தருவார்கள். நீல ஏப்ரன் கட்டிய பரிசாரகருக்கு கோபஸ் என்று பெயர். யாக்கோபு என்ற பெயரின் இவ்வூர் வடிவம் அது. வட்டத் தட்டில் குவளைகளைச் செருகிக்கொண்டு சுற்றி வருவார். உங்கள் குவளை காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் குவளை மேல் மூடுங்கள். அதன் பிறகு வராது.

அந்த அட்டைதான் உங்கள் பில். கிழிக்காதீர்கள், தொலைக்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட ஒரு கோட்டையும் அழிக்காதீர்கள். ஜெர்மன் சட்டத்தில் அது ஓர் ஆவணம். கோட்டை அழித்தால் ஆவணத்தைத் திருத்திய குற்றம்.

கோல்ஷ் என்ற பெயரையும் யாரும் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. 1986-ல் இந்த வட்டாரத்தின் 24 பியர் ஆலைகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. 1997-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பான் நகரில் வேலை பார்ப்பவர்: நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். சாலட்டைத் தவிர ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. ஆனால் ஷ்பெக் என்ற சொல்லை முதலில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். உப்புக்கண்டம் போட்ட பன்றிக் கொழுப்பு அது.

நாங்கள் உருளைக்கிழங்கு வறுத்த விதத்தைச் சொல்கிறேன். பெரிய இரும்புச் சட்டியில் முதலில் ஷ்பெக் துண்டுகளைப் போடுவோம். அது சலசலவென்று உருகி, ஓரம் பொன்னிறமாகி, சட்டி முழுக்கக் கொழுப்பு படர்ந்த பிறகுதான் கிழங்கு வில்லைகள் உள்ளே போகும். பட்டியலில் இருந்த பெயரோ வெறும் ப்ராட்கார்டோஃபல்ன், அதாவது வறுத்த உருளைக்கிழங்கு. இறைச்சி என்ற சொல்லே கிடையாது. யாரும் மறைக்கவில்லை. எங்கள் தலைமைச் சமையல்காரருக்கு ஷ்பெக் என்பது நமக்குத் தாளிதம் மாதிரி. அதனால் "இறைச்சி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால், இல்லை என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். "ஓன ஷ்பெக்?" என்று தனியாகக் கேளுங்கள். ஓன என்றால் இல்லாமல். சிவப்பு முட்டைக்கோஸ் கூட்டு பல இடங்களில் பன்றி நெய்யிலோ வாத்து நெய்யிலோ வேகும். காய்கறி சூப்பின் அடித்தண்ணீர் எலும்புச்சாறாக இருக்கலாம். இவற்றையும் கேளுங்கள்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியது ரைபகூஹன். உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயமும் முட்டையும் சேர்த்து எண்ணெயில் தட்டிப் பொரிப்பது. ஓரம் மொறுமொறுவென்று அடையைப் போல இருக்கும். ஆப்பிள் கூழோடு வரும், அல்லது கறுப்பு ரொட்டியும் சர்க்கரை பீட்ரூட் பாகும் வைப்பார்கள். பாகோடு ஒரு முறை சாப்பிட்டுப் பாருங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஹால்வர் ஹான் என்றால் சொல்லுக்குப் பொருள் அரைக் கோழி. வருவதோ கோதுமைக்கு நெருங்கிய தானியமான ரை மாவில் செய்த பன், வெண்ணெய், தடியாக வெட்டிய கௌடா சீஸ், கடுகு விழுது, வெங்காயம். கோழி வாசனையே கிடையாது. கோல்ஷர் கவியார் என்பது மீன் முட்டை இல்லை, ரத்தத் தொத்திறைச்சி. ஹிம்மல் உன் ஏட் என்றால் வானமும் பூமியும்: வானத்துக்கு ஆப்பிள், பூமிக்கு உருளைக்கிழங்கு மசியல். பெயரில் இல்லாவிட்டாலும் மேலே அதே ரத்தத் தொத்திறைச்சி வரும். அது வேண்டாம் என்று சொல்லி வாங்கலாம்.

வசந்தத்தில் வந்தால் வெள்ளை அஸ்பராகஸ் என்ற தண்டுக் காய் கேளுங்கள். மரபுப்படி ஜூன் 24 வரைதான் பருவம். கூட வரும் ஹாம், அதாவது பன்றித் தொடை இறைச்சி, வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: மாட்டிறைச்சி, பன்றி இரண்டும் சாப்பிட மாட்டோம். ஷ்னிட்ஸல் கோழிதானே?

இல்லை. ஷ்னிட்ஸல் என்றால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டு. வீனர் ஷ்னிட்ஸல் என்று இருந்தால் கன்றுக்குட்டி இறைச்சி, சட்டப்படி அதுவாகத்தான் இருக்க வேண்டும். "வீனர் ஆர்ட்", அதாவது வீனர் பாணி, என்று இருந்தால் பெரும்பாலும் பன்றி. வினிகரில் ஊறவைத்து வேகவைக்கும் ஸவர்ப்ராட்டன் இப்போது பெரும்பாலும் மாடு, ஒரு காலத்தில் இந்தப் பக்கம் குதிரை. ஹென்ஷன் என்றால் கோழி, பூட்ட என்றால் வான்கோழி. இந்த இரண்டு சொல் போதும். வறுத்த கிழங்கு துணைக்கு வந்தால் ஷ்பெக் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டுசல்டோர்ஃபில் புதிதாக வந்திருப்பவர்: டிப்ஸ் எவ்வளவு? எப்படிக் கொடுப்பது?

ஐந்திலிருந்து பத்து சதவீதம். மேசையில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் இங்கே இல்லை. பில்லை நீங்கள்தான் கேட்க வேண்டும்: "ட்ஸாலன், பிட்ட." கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் விரட்டுவது போல ஆகிவிடும் என்பது இவர்கள் மரியாதை. அதனால் யாரும் கவனிக்கவில்லை என்று அரைமணி நேரம் மனம் புழுங்காதீர்கள். சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள். தனித்தனி என்பது இங்கே கௌரவக் குறைவு இல்லை.

27 யூரோ 40 சென்ட் என்றால், நோட்டை நீட்டும்போதே "முப்பது" என்று சொல்லுங்கள். மிச்சம் தருவார். கார்டு என்றால் கருவியில் எண்ணைத் தட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை: நோட்டைக் கொடுத்துக்கொண்டே "டாங்க" என்று நன்றி சொல்லாதீர்கள். மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருளாகிவிடும். என் தோழி 38 யூரோ பில்லுக்கு 50 யூரோ நோட்டைக் கொடுத்து அன்பாக நன்றி சொன்னாள். பரிசாரகர் முகம் மலர்ந்து அதைவிட அன்பாக நன்றி சொல்லிவிட்டுப் போனார். திரும்பக் கூப்பிட்டு விளக்கியதும் சிரித்தபடி மீதியைத் தந்துவிட்டார்.

அதே நபர்: கார்டு எடுப்பார்கள்தானே?

எல்லா இடத்திலும் இல்லை. ரொக்கம் கொண்டு போங்கள்.

எஸ்ஸனில் ஆராய்ச்சி மாணவி: அக்கா, தாகமாக இருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்றேன். கோபஸ் சத்தமாக, "தண்ணீரா? சோப்பும் துண்டும் சேர்த்தா?" என்று கேட்டார். பக்கத்து மேசை எல்லாம் சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கறுப்பு என்பதால்தானே?

படித்ததும் மனது கஷ்டமாக இருந்தது அம்மா. தனியாக ஒரு பெண், புது ஊர், புரியாத மொழி, சுற்றிலும் சிரிப்பு. அழுகை வரத்தான் செய்யும்.

அந்தக் குறிப்பிட்ட வார்த்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது பழைய கோபஸ் நையாண்டி. தண்ணீர் கேட்கும் யாரிடமும் சொல்வார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் மூனிக்கிலிருந்து வந்த கோட்டு போட்ட கனவான்களும் அதை வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். திருப்பி ஒரு வாய் பேசினால் அவருக்குச் சந்தோஷம். "சோப்பு வீட்டில் இருக்கிறது, தண்ணீரை மட்டும் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிடம் கொண்டுவருவார். தண்ணீர் என்றால் காசுக்கு விற்கும் சோடாத் தண்ணீர் பாட்டில்தான் வரும். கேஸ் வேண்டாம் என்றால் "ஷ்டில்" என்று சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை.

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒருவர்: இப்படித்தான் எல்லாவற்றையும் கலாசாரம் என்று பூசி மெழுகுகிறோம். அவமானப்பட்டவருக்குத்தான் வலி தெரியும்.

ஹாம் நகரிலிருந்து ஒரு பெரியவர்: தங்கச்சி, நான் இஞ்ச முப்பது வருசத்துக்கு மேல இருக்கிறன். கோபஸ் எண்டா அப்பிடித்தான். இதுக்கெல்லாம் அழுதா இந்த நாட்டில இருக்கேலாது.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அண்ணா, நீங்கள் வந்த காலத்தில் நிறையத் தாங்கினீர்கள். அதை மதிக்கிறேன். ஆனால் "அழக் கூடாது" என்பதை ஏற்க முடியவில்லை. ஃப்ராங்க்ஃபர்ட் நண்பரே, நீங்கள் சொல்வதும் எனக்குப் புரிகிறது. நையாண்டிக்கும் ஒதுக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏழு வருடம் முன்பு நானும் கணவரும் ஓர் உணவகத்துக்குப் போனோம். பெயர் சொல்லவில்லை. உள்ளே ஆறேழு மேசை காலி. எல்லாம் பதிவாகிவிட்டது என்றார் வாசலில் நின்றவர். சரி என்று எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒரு ஜோடி வந்தது, உள்ளே போனது, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தது. பிறகு இன்னொரு ஜோடி. நான் திரும்பிப் போய், பதிவு செய்திருந்தார்களா என்று அந்த இரண்டாவது ஜோடியிடமே கேட்டேன். இல்லை என்றார்கள். வாசலில் நின்றவர் தரையைப் பார்த்தார். யாரும் நையாண்டி செய்யவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை, குரல்கூட மென்மையாகத்தான் இருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவே இல்லை.

கோபஸ் உங்களைக் கிண்டல் செய்கிறார் என்றால் மேசையில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டார் என்று அர்த்தம். பக்கத்து மேசைக்கும் அதே வாய்தானா என்று பாருங்கள். அவர்களுக்கு மரியாதை, உங்களுக்கு மட்டும் ஏளனம் என்றால் அது வேறு. உங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு எல்லாம் பரிமாறி, உங்களைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை என்றால் அது வேறு. அதற்குக் கோபஸ் மரபு சமாதானம் ஆகாது. 2006-லிருந்து சம நடத்தைச் சட்டம் இருக்கிறது, உணவகத்துக்கும் பொருந்தும். நேரம், தேதி, கூட இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். உரிமை கோர இரண்டு மாதம்தான் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள். கூட்டரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தருகிறது. எனக்கு அன்று இது தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து அதே நபர்: அப்படியானால் அந்த மாணவி விஷயத்தில் என்ன தீர்ப்பு?

தீர்ப்புச் சொல்ல நான் அந்த மேசையில் இல்லை. தங்கையே, அடுத்த சனிக்கிழமை நேரம் இருந்தால் எழுது. நான் கூட வருகிறேன். அதே இடத்துக்குப் போய் உட்காருவோம், நீயே பார்த்துச் சொல்.

புதியவர்: வணக்கம் மேடம், டிப்ஸ் கட்டாயமா?

மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன், வாசியுங்கள்.

விசா பற்றிக் கேட்டவருக்கு: அது என் துறை இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டு குழந்தைகளின் அப்பா: குழந்தைகள் முழுத் தட்டு சாப்பிடாது. பாதியைப் பகிர்ந்தால் தப்பா?

தப்பே இல்லை. "ரோய்பர்டெல்லர்" கேளுங்கள். திருடன் தட்டு என்று பொருள். காலித் தட்டும் கரண்டியும் தருவார்கள், பிள்ளைகள் உங்கள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம். பட்டியலிலேயே போட்டிருக்கும் இடங்கள் உண்டு. நாய்களைப் பல உணவகங்களில் உள்ளே விடுவார்கள். பிள்ளை பயப்படும் என்றால் உட்காரும்போதே சொல்லி வேறு மேசை வாங்குங்கள்.

கொலோனில் நல்ல பிரியாணி? இன்று இவ்வூர்ச் சாப்பாடு மட்டும்.

இன்னொருவர்: காலி மேசையில் உட்கார்ந்தோம், எழுப்பிவிட்டார்கள்.

மேசை மேல் ஷ்டாம்டிஷ் என்று பலகை இருந்திருக்கும். வாரா வாரம் வரும் கூட்டத்துக்கு உரிய மேசை. ஜெர்மானியர் உட்கார்ந்தாலும் எழுப்புவார்கள்.

மற்றொருவர்: கார்டு...

ரொக்கம். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கும்பகோணத்துப் பெற்றோரை எதிர்பார்த்திருப்பவர்: அப்பா அம்மா செப்டம்பரில் வருகிறார்கள். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். ஒரு தடவையாவது ப்ரௌஹவுஸுக்குக் கூட்டிப்போக ஆசை. முடியுமா அக்கா?

கட்டாயம் கூட்டிப்போங்கள். சனிக்கிழமை இரவு வேண்டாம், வார நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். கூடம் அமைதியாக இருக்கும், கோபஸுக்கும் நின்று பேச நேரம் இருக்கும். ஃப்ரீஸன் தெருவில் 1883-லிருந்து இருக்கும் பெஃப்கன், பேராலயத்தின் பக்கத்திலேயே 1904-லிருந்து இருக்கும் ஃப்ரூ, இரண்டும் பார்க்க வேண்டிய கூடங்கள். அப்பா முட்டை சாப்பிடுவார் என்றால் ரைபகூஹன். பல இடங்களில் சில நாட்களில் மட்டும்தான் போடுவார்கள், முதலில் போன் செய்து கேளுங்கள். அம்மாவுக்கு ஹால்வர் ஹான். தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும் குவார்க்கும் பட்டியலில் இருந்தால் அதுவும் சரி. குவார்க் தயிருக்கும் பனீருக்கும் நடுவில் இருக்கும்.

என் மாமியாரும் அப்படித்தான், முட்டை பட்ட கரண்டிகூட ஆகாது. ஹால்வர் ஹான் வந்ததும் பன்னைத் திறந்து திறந்து பார்த்தார். கடுகு விழுது இருந்த சின்னச் சாடியை மூக்கருகில் கொண்டுபோனவர், "ஆவக்காய் ஜாடி திறந்த மாதிரி இருக்கே" என்றார். சீஸ் மேல் அதைத் தடவி, வெங்காயத்தை அடுக்கி, மெதுவாக முழுப் பன்னையும் சாப்பிட்டு முடித்தார். நான் இன்னொன்று சொல்லட்டுமா என்று வாயெடுப்பதற்குள், அந்தப் பக்கம் போன கோபஸைக் கையைக் காட்டி நிறுத்தி, இன்னொன்று கேட்பது எப்படி என்று வரும் வழியில் ட்ராமில் நான் சொல்லிக்கொடுத்ததை அவரே சொன்னார்: "நோஹ் ஐன்ஸ், பிட்ட."