பரோலோவுக்கு முன்னால் ஒரு டோல்செட்டோ

கேள்வி: அக்டோபரில் கணவருடன் இத்தாலியின் பியமோண்டே பகுதிக்குப் போகிறேன். பரோலோ கிராமத்துப் பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் ஒயின் பண்ணையில் மதியச் சாப்பாட்டுக்கு இடம் பிடித்திருக்கிறோம். ஐந்து ஒயின் தருவார்களாம். எனக்கு ஒயின் பழக்கமில்லை. புகழ்பெற்ற பரோலோ ஒயினை மட்டும் சுவைத்துவிட்டு வந்தால் போதாதா?

பதில்: போதாது. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை அங்கே ஒரு பண்ணைக்குப் போனபோது, சாப்பாடு வருவதற்கு முன்பே பரோலோவைக் கேட்டு வாங்கினேன். ஊற்றிக்கொடுத்த அந்த வீட்டு மகன் மறுக்கவில்லை. ஒரு வாய்தான், ஈறெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டது, நாக்கு காய்ந்துபோனது. இதையா இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்று ஏமாற்றமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவருடைய அம்மா பிரசாத்தோ கொண்டுவந்து வைத்தார். ஒயினில் ஊறி, சிறு தீயில் மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சி அது. கூடவே அதே பாட்டிலிலிருந்து அதே பரோலோ. இப்போது துவர்ப்பு அடங்கி, ரோஜாவும் செர்ரியும் மணந்தன.

ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் நம் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் காய்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். பாட்டில் திறந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் கொஞ்சம் உதவியிருக்கும்.

அதனால் அவர்கள் தரும் வரிசையிலேயே போங்கள். நான் போன இடத்தில் முதலில் வித்தெல்லோ டொன்னாத்தோ வந்தது. மெல்லிய கன்றிறைச்சித் துண்டுகள், மேலே சூரைமீன் கலந்த சாஸ். அதற்கு ஆர்னெய்ஸ் என்ற வெள்ளை ஒயின். அடுத்து டோல்செட்டோ என்ற சிவப்பு ஒயின். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பெயருக்கு 'சின்ன இனிப்பு' என்று பொருள் வந்தாலும் ஒயினில் இனிப்பு கிடையாது. புளிப்பு குறைவு, முடிவில் லேசான பாதாம் கசப்பு. அந்த வீட்டுப் பெரியவர் பரோலோவைத் தொடவே இல்லை. சாப்பாடு முடியும்வரை அவர் முன்னால் இருந்தது டோல்செட்டோதான். அந்த மலைச்சரிவுகளின் முக்கியச் சிவப்புத் திராட்சைகளில் முதலில் பழுப்பது டோல்செட்டோ. பிறகு பார்பெரா, கடைசியில் பரோலோவுக்கான நெபியோலோ. ஒரு வீட்டார் தினமும் என்ன குடிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் விசேஷ நாளின் ஒயினும் புரியும்.

பார்பெரா ஒயினில் புளிப்பு தூக்கலாக இருக்கும், துவர்ப்பு குறைவு. வெண்ணெய் மினுங்கும் அன்யொலோத்தி தெல் ப்ளின் என்ற, உள்ளே பூரணம் வைத்த சின்னப் பாஸ்தாவோடு அது அருமை. 'ப்ளின்' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் கிள்ளுவது. ஒவ்வொரு துண்டையும் விரலால் கிள்ளித்தான் மூடுகிறார்கள். கடைசியில் ஹேசல்நட் கேக்கும் மொஸ்காத்தோ தாஸ்தியும். அது இனிப்பு ஒயின், ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்தான்.

இன்னொன்று, அக்டோபர் நெபியோலோ அறுவடைக் காலம். அந்தக் குடும்பமே அப்போது தோட்டத்தில் நிற்கும். சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கிய பரோலோ வெளிறிய சிவப்பாக, தண்ணீர் கலந்ததுபோல் இருந்தது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: நிறத்தை வைத்து அப்படி முடிவுகட்டாதீர்கள். நெபியோலோவின் நிறமே அப்படித்தான். வயது ஏற ஏற விளிம்பில் செங்கல் நிறமும் வரும். சந்தேகமாக இருந்தால் லேபிளைப் பாருங்கள். 'இம்பொத்திலியாத்தோ அல்லோரிஜினே' (Imbottigliato all'origine) என்றிருந்தால், திராட்சையை விளைவித்தவர்களே ஒயினாக்கி பாட்டிலில் அடைத்தது என்று அர்த்தம். அறுவடை ஆண்டையும் பாருங்கள். பரோலோவை 38 மாதங்கள் வைத்திருந்துதான் விற்கலாம், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில். கணக்கு நவம்பர் 1-இல் தொடங்குகிறது. 2020 அறுவடை என்றால் 2024 ஜனவரியில்தான் கடைக்கு வர முடியும். இன்னும் நீண்ட காலம் முதிரவைக்கும் ரிசெர்வா வகை என்றால் 62 மாதங்கள். ஒரு சிறு குடும்பம் இத்தனை காலம் வருமானம் வராத சரக்கைப் பாதாள அறையில் வைத்துக் காக்கிறது. பரோலோவின் விலையில் அந்தக் காத்திருப்பும் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: வண்டி ஓட்டப்போவது நான். பண்ணைச் சாப்பாட்டில் குடிக்காமல் உட்கார்ந்தால் அந்த வீட்டார் மனம் புண்படுமா?

பதில்: புண்படாது. மேசையில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள், தருவார்கள். ஒயின் செய்கிறவர்களே சுவைத்துவிட்டுத் துப்பித்தான் பழகியவர்கள். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலைத் தாண்டக் கூடாது. உரிமம் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குச் சொட்டுக்கூட அனுமதி இல்லை. சாலைகளோ மலையில் வளைந்து வளைந்து இறங்குகிறவை. முகர்ந்து பாருங்கள், ஒரு வாய் சுவைத்துத் துப்புங்கள், சாப்பாட்டை ஒரு கை பாருங்கள். பிடித்த பாட்டிலை வாங்கிக்கொண்டு அன்றிரவு தங்கும் இடத்தில் திறவுங்கள்.