கலைமான் வினாதல் – கடிதம்

அன்புள்ள சார்,

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கம். அக்டோபரில் நான்கு மாதத்துக்கு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போகிறேன், எல்-1 என்ற தற்காலிக வேலை விசா. அங்கே எங்கள் குழுவில் இருக்கும் ஒருவர், நல்ல மனிதர், நவம்பரில் மான் வேட்டைக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். வருடா வருடம் அப்பாவோடும் மகளோடும் போகிறாராம். வீட்டில் சொன்னேன். "மானைப் போய் யாராவது சுடுவாங்களா, பாவம்" என்றாள் மனைவி. சொன்னது மட்டன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே.

என் தாத்தா வேட்டைக்காரர். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். மான்கள் நக்க வரும் உப்புமண் இருக்கும் இடத்தில் பரண் கட்டி, ராத்திரியில் டார்ச் அடித்து, ஒரே தோட்டாவில் மானைச் சாய்ப்பார் என்று ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. நான் போகலாமா? போனால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இன்னொன்று. காட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பழைய வேட்டைக்காரர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மான்கறி விற்பவர்களைத் திட்டியும் எழுதுகிறீர்கள். இது இரட்டை வேடம் இல்லையா?

எம்.
(பெயர் வேண்டாம், அலுவலகத்தில் படிப்பவர்கள் இருக்கிறார்கள்)

அன்புள்ள எம்.,

பிரியாணிக் கிண்டலை முதலில் தள்ளிவைத்துவிடலாம். உங்கள் மனைவி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. கசாப்புக்கடையில் கத்தி வைத்தால் வைத்ததுதான். ஆடு எழுந்து ஓடி, புதருக்குள் இரண்டு நாள் கிடந்து சாவதில்லை. மான் அப்படிச் சாகும். வயிற்றில் குண்டு பாய்ந்த மான் மணிக்கணக்கில் உயிரோடு தவிக்கும். வேட்டையில் சரி தப்பு என்ற பேச்சை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

காதலைப் பாடும் பழைய அகப்பொருள் கோவை நூல்களில் 'கலைமான் வினாதல்' (கலைமான் என்றால் ஆண்மான்) என்று ஒரு துறை உண்டு. தினைப்புனம் காக்கும் பெண்ணின் முன்னால் வந்து நின்று, 'என் அம்பு தைத்த கலைமான் இந்தப் பக்கம் வந்ததா?' என்று தலைவன் கேட்பான். மானும் கிடையாது, அம்பும் கிடையாது, பேச்சுக்கொடுக்க ஒரு சாக்கு. ஆனால் அந்தச் சாக்கு எப்படிச் செல்லுபடியாகிறது? அடிபட்ட மானைத் தேடி ஒருவன் அடுத்தவர் கொல்லைவரை வருவான் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். வேட்டுவக் குடியில் பிறந்தவர்கள். தேடாமல் வீட்டுக்குப் போகிறவன்தான் அவர்களுக்கு விநோதமாகத் தெரிவான்.

நான் எழுதிய அந்தப் பெரியவர் காக்ஸ் டவுன்காரர், கண்டோன்மென்ட் தமிழர். தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறு காடு. லைசென்ஸ் எடுத்து வேட்டையாடிய காலத்து ஆள். எத்தனை மான் சுட்டார் என்று அவர் சொன்னதே இல்லை. சுட்ட பிறகு செய்ததைத்தான் சொல்வார். "குண்டு பட்டதும் எறங்கி ஓடக்கூடாது தம்பி. மான் எப்படிக் குதிச்சுதுன்னு பாரு. எங்க நின்னுதோ அந்த இடத்துக்கு ஒரு மரத்த அடையாளம் வெச்சுக்கோ. அப்புறம் ஒரு பீடி."

அந்தப் பீடிக்குக் காரணம் உண்டு. நெஞ்சுக்கூட்டில், முன்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் சரியாகப் பட்டாலும் மான் ஐம்பது நூறு மீட்டர் ஓடித்தான் விழும். பின்னாலேயே துரத்தினால் பயத்தில் இன்னும் தூரம் போகும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். ஆகவே அரைமணி நேரம் பொறுத்து, அது நின்ற இடத்துக்குப் போய் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், மான் அருகில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் ஈரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக, சாண நாற்றத்தோடு கசிந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. முதுகை வளைத்துக் குனிந்தபடி போன மானும் அப்படித்தான். ஆறு மணி நேரமாவது, முடிந்தால் அதற்கு மேலும், கிட்டே போகாமல் இருந்துவிட்டுத் தேடப் போக வேண்டும். அந்த நேரம் முழுவதும் அது செத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். இதைத் தாங்க முடியாதவர் சுடக்கூடாது. பக்கவாட்டில் நிற்காத மானை, ஓடும் மானை, தன் கைக்குப் பழகாத தூரத்தில் நிற்கும் மானைச் சுடாமல் விடுவதற்கும் இதுதான் காரணம். அமெரிக்க வேட்டைக்காரர்களில் நல்லவர்களும் இதே பாடத்தைத்தான் சொல்கிறார்கள். பீடி மட்டும் கிடையாது.

இனி உங்கள் தாத்தா. வருத்தப்படாதீர்கள். உப்புமண்ணில் காத்திருப்பது, ராத்திரியில் சுடுவது, விளக்கு அடித்துச் சுடுவது: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், லைசென்ஸ் வேட்டையை அனுமதித்த காலத்திலேயே, இந்த மூன்றையும் தடுத்தது. பெட்டையையும் குட்டியையும் சுடக்கூடாது, கொம்பில் தோல் மூடியிருக்கும் கலையையும் சுடக்கூடாது என்றும் அதில் இருந்தது. டெல்லியில் உட்கார்ந்து யாரோ கற்பனையில் எழுதிய விதிகள் இல்லை இவை. மரியாதையுள்ள வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் வைத்திருந்த கட்டுப்பாடுகள்தான் சட்டத்துக்குள் வந்தன. உப்புக்கும் தண்ணீருக்கும் மான் வந்தே ஆக வேண்டும், அங்கே வேட்டைக்காரனுக்கு வேலையே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் தெரிவது இரண்டு கண்கள். அது கலையா பிணையா (ஆணா பெட்டையா), வயிற்றில் குட்டி இருக்கிறதா என்பது எங்கே தெரியப்போகிறது? ஒரே தோட்டாவில் விழுந்த மான்களைப் பற்றி ஊர் பேசும். நாட்டுத் துப்பாக்கியின் ஈயம் பட்டுக் காட்டுக்குள் போய்விட்டவற்றைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். தாத்தாவுக்குப் பசி இருந்திருக்கும், கொல்லையில் ராகியை மான் மேய்ந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. அவர்மேல் உங்களுக்கு அன்பு இருக்கட்டும். அந்த வேட்டைமுறைமேல் பெருமை வேண்டாம்.

1991இல் சட்டத்தைத் திருத்தி லைசென்ஸ் வேட்டையையே நிறுத்திவிட்டார்கள். அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். பெரியவரும் அதையே சொன்னார். அவர் பார்த்த கனகபுரா சாலைக் காடுகளில் ஜீப்பில் ஹெட்லைட் போட்டுச் சுடும் கூட்டம் நுழைந்த பிறகு, ஒழுங்காக நடந்து போகிறவனுக்கு மிச்சம் இருந்தது வெறும் தடம்தானாம்.

அப்படியானால் விஸ்கான்சினில் மட்டும் எப்படிச் சரியாகும்? கணக்கு வேறு என்பதால். 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் வெள்ளைவால் மான் ஐந்து லட்சத்துக்குள் சுருங்கியிருந்தது. காரணம் கறிக்கடைக்காகச் சுட்டவர்கள். காட்டுமான் கறியை விற்பதை நிறுத்தினார்கள், பருவம் வைத்தார்கள், ஆளுக்கு இத்தனை என்று டேக், அதாவது ஒரு மானுக்கு ஒரு அனுமதிச் சீட்டு, கொடுத்தார்கள். 1937இல் வந்த ஒரு சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரி இன்றும் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. இப்போது சுமார் 3 கோடி மான்கள். விஸ்கான்சினின் தென்பகுதிப் பண்ணை நிலங்களில் ஓநாய் அநேகமாகக் கிடையாது. மான் பெருகினால் இளமரம் தலையெடுக்காது, சாலையில் காரில் மோதிச் சாகும். உங்கள் நண்பர் சுடும் மானை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும். அடுத்த ஆண்டு எத்தனை டேக் என்பதற்கு அந்தப் பதிவுகள்தான் அடிப்படை.

நம் காட்டில் மானை அளவாக வைக்கும் அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறது. கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் பல ஆண்டுகள் ஆராய்ந்த புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்தின் கணக்குப்படி ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரை வேண்டும், அது குறையாமல் கிடைக்கக் காட்டில் 500 இரை விலங்குகள் இருக்க வேண்டும். அதற்குமேல் செந்நாய், சிறுத்தை. ஒரு மானைச் சுருக்கு வைத்துப் பிடித்து கறி விற்கிறவன் இந்தப் பந்தியில் கைவைக்கிறான். அந்தச் சுருக்கில் மாட்டுவது மான் மட்டுமும் இல்லை. பன்னேருகட்டாவுக்கு இந்தப் பக்கம், நகரத்தின் விளிம்பில், 'ஸ்பெஷல் கறி' என்று கண்ணடித்துக் கேட்கும் ஆட்கள்மேல்தான் என் கோபம். விற்பவனைவிட அவர்கள்மேல் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை. நம் புள்ளிமானே அமெரிக்காவில் வேட்டை விலங்குதான். ஹவாய்க்கு 1860களில் போனது, டெக்சாசுக்கு 1932இல். புலி இல்லாத தீவில் அது பெருகி மண்ணையே மொட்டையடிக்கிறது, ஆகவே அங்கே சுடச்சொல்லிக் கேட்கிறார்கள். அந்தமானிலும் வெள்ளைக்காரன் கொண்டுவிட்ட புள்ளிமான்கள் காட்டைத் தின்கின்றன. பந்திப்பூரில் அதே மான் புலியின் சோறு. மானைப் பார்த்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரட்டை வேடம் பற்றி. பெரியவரிடம் நான் கற்றது காற்றைப் பார்க்க. சலித்த சாம்பலைத் துணியில் முடிந்து வைத்துத் தட்டிப் பார்ப்பார். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும். காலையில் மறைவாக இருந்த அதே பாறை ஒன்பது மணிக்கு உங்கள் வாசனையை மந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். புள்ளிமான் குரல் கொடுத்தால் பாதி நேரம் வீண் பயம், கடமான் குரல் கொடுத்தால் நின்று பார் என்பார். புள்ளிமானின் கொம்பு ஆண்டில் எந்த மாதமும் உதிரும், ஒரே மந்தையில் தோல் மூடிய கொம்பும் உரித்த கொம்பும் சேர்ந்தே நிற்கும் என்பதைக் காட்டியவரும் அவர்தான். இந்த அறிவு வேட்டையிலிருந்து வந்தது. அதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டுமா? இன்று பந்திப்பூர், நாகரஹொளெ முகாம்களில் ரோந்து போகும் பழங்குடிகளான சோலிகரும் ஜேனு குறும்பரும் அவர்களுடைய பாட்டன் மான் தேடிய கண்ணோடுதான் திருட்டு வேட்டைக்காரனின் தடத்தைத் தேடுகிறார்கள்.

சரி, நீங்கள் போகலாமா? போங்கள். முதல் வருடம் துப்பாக்கி இல்லாமல் போங்கள். நண்பரோடு பரணில் உட்காருங்கள், அவர் எதைச் சுடாமல் விடுகிறார் என்று பாருங்கள். சுட்டால் ரத்தத் தடத்தில் கூட நடங்கள், குடல் எடுப்பதில் கை கொடுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம். இந்த வருடமே வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. 'சும்மா ஒரு தடவை பிடிச்சுப் பாரு' என்று யாராவது நீட்டினால்கூட வாங்காதீர்கள், நிறுவனத்தின் விசா வக்கீலிடம் கேட்டுவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள். 1973இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் விஸ்கான்சினில் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும், அல்லது வழிகாட்டியின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்து வேட்டையாடும் உரிமம்.

ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் நவம்பர் இறுதியில் வரும் நன்றிகூறும் விடுமுறைக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். கூட இருப்பவரும் பளிச்சென்ற ஆரஞ்சு போட்டுக்கொள்வது நல்லது. மானின் கண்ணுக்கு அந்த நிறம் பிடிபடாது, மனிதனின் கண்ணுக்குப் பிடிபடும். மரத்தில் கட்டிய பரண் என்றால் தரையிலிருந்து ஏறும்போதே தோள், மார்பு, தொடை என முழு உடம்பையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையை மாட்டிவிடுங்கள். அங்கே விழுந்து முதுகை உடைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். குளிருக்குப் பருத்தி உள்ளாடை உதவாது, வியர்த்தால் உடம்பிலேயே ஐஸாகிவிடும். கம்பளி போடுங்கள்.

கறி தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். மூளையைத் தின்னும் ஒரு நோய் 2002இலிருந்து விஸ்கான்சின் மான்களில் இருக்கிறது. மனிதருக்கு வந்ததாக இதுவரை இல்லை என்றாலும், நோய் உள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்றே அமெரிக்கச் சுகாதாரத் துறை சொல்கிறது. வேகவைத்தாலும் அந்த நோயை உண்டாக்கும் புரதம் அழியாது. தலையைச் சோதனைக்குக் கொடுப்பார்கள். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருக்கட்டும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி நிறையவே வெட்டித் தள்ளச் சொல்லுங்கள், ஈயத்தோட்டா கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறியிருக்கும். மான்கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு. ஆட்டுக்கறிபோல நினைத்துக் கொதிக்கவிட்டால் செருப்பு வாராகிவிடும். தொடைக்கறியை மெல்லியதாக அரிந்து, நல்லெண்ணெயும் மிளகும் தாராளமாக விட்டு, சட்டென்று வதக்கி இறக்கச் சொல்லுங்கள்.

கொம்பு மட்டும் வேண்டாம். பெங்களூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்கு வெள்ளைவால் மானையும் புள்ளிமானையும் பிரித்துச் சொல்லிப் புரியவைக்க உங்களால் முடியாது.

அன்புடன்