அடிக்கும் முன் காலை எண்ணுங்கள்

மழை ஆரம்பித்ததும் பெங்களூரில் எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பூச்சிப் பேச்சும் ஆரம்பித்துவிட்டது. முப்பது வருடம் பூச்சியைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

சார், நேற்று மழை விட்டதும் ட்யூப்லைட்டை ஈசல் மொய்த்தது. காலையில் தரை முழுக்க வெறும் இறக்கை. ஈசல் எங்கே போயிற்று? (ராமமூர்த்தி நகர்)

பாதி பல்லி வயிற்றில், மீதி மண்ணுக்குள். ஈசல் என்பது கறையான் புற்றிலிருந்து கிளம்பும் கல்யாணக் கோஷ்டி. தரையில் இறங்கியதும் இறக்கையைத் தானே உதிர்த்துவிடும், இனி அதற்கு வேலையில்லை. அப்புறம் பெண் முன்னால் போக, ஆண் ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டே பின்னால் ஊர்ந்து போகும். தப்பிப் பிழைக்கிற ஜோடிதான் புதுப் புற்றின் ராஜாவும் ராணியும். கறையானை வெள்ளை எறும்பு என்கிறார்கள். எறும்போடு அதற்கு நெருக்கமில்லை, கரப்பானோடுதான் சொந்தம். விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள், கூட்டம் வேறு வீடு பார்த்துக்கொள்ளும். சின்ன வயதில் எங்கள் ஊரில் அரிசியோடு வறுத்துத் தின்றோம் என்று சொன்னால் என் மருமகள் எழுந்து போய்விடுகிறாள்.

சமையலறையில் வெள்ளைவெளேரென்று ஒரு கரப்பான். வெளிநாட்டு ஜாதியா? (ஹலசூரு)

உள்ளூர்க் கரப்பான்தான், அப்போதுதான் சட்டை உரித்திருக்கிறது. நமக்கு எலும்பு உள்ளே, சதை வெளியே. அதற்கு நேர்மாறு. கைட்டின் என்ற பொருளால் ஆன ஓடுதான் அதன் எலும்புக்கூடு. ஓடு நீளாது, உடம்பு வளரும். அதனால் முதுகில் பழைய ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, காற்றை விழுங்கி உடம்பை உப்பவைத்து, புது ஓடு இறுகும்வரை அசையாமல் கிடக்கும். அந்தச் சில மணி நேரம் அதற்குப் பெரிய கண்டம். எறும்பு கூடக் கடித்து இழுத்துவிடும். நிறம் ஏற ஏற ஓடும் கெட்டியாகும். நண்டு வாங்கும்போது சில சமயம் ஓடு காகிதம் மாதிரி அமுங்குமே, அதுவும் இதே கதைதான்.

நசுக்கினால் சிவப்பு ரத்தம் வராததைக் கவனித்திருப்பீர்கள். கரப்பான் ரத்தத்துக்கு ஆக்சிஜன் சுமக்கும் வேலை கிடையாது. உடம்பின் இரு பக்கமும் உள்ள ஓட்டைகள் வழியே காற்று குழாய்களில் நேராகவே உள்ளே போகிறது. தலை போன பிறகும் கரப்பான் சில நாள் உயிரோடு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பையன் பாடத்தில் சிலந்தி, பூரான், இறால் எல்லாம் ஒரே கூட்டம் என்று இருக்கிறது. எப்படி? (பனசங்கரி)

காலைப் பாருங்கள். கரும்பு மாதிரி கணுக்கணுவாக இருக்கும், அதனால் கணுக்காலி. ஆறு கால் என்றால் பூச்சி. எட்டு என்றால் சிலந்தி, தேள், உண்ணி. நண்டுக்கும் இறாலுக்கும் பத்து. உடம்பின் வளையத்துக்கு ஒரு ஜோடி இருந்தால் பூரான், பெரும்பாலும் இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை. வளர்ந்த பூரானுக்கு ஜோடிக் கணக்கு எப்போதும் ஒற்றைப்படைதான், சரியாக நூறு கால் இருக்கவே இருக்காது. இதுவரை பெயர் வைத்த விலங்கினங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தக் கூட்டம்தான். நாம்தான் சிறுபான்மை.

பதினான்காவது மாடி பால்கனியில் ஆளுயரத் தேன்கூடு. ஆள் கூப்பிட்டு மருந்து அடிக்கலாமா? (வைட்ஃபீல்ட்)

வேண்டாம். பாறையில் கூடு கட்டும் மலைத்தேனீ அது. அதன் கண்ணுக்கு உங்கள் கட்டடமும் ஒரு பாறை. தூர நின்று பாருங்கள், கூட்டின் மேல் அலை அலையாக ஒரு மினுமினுப்பு ஓடும். குளவி நெருங்கினால் ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாகப் பின்பக்கத்தைத் தூக்கி இறக்குவதுதான் அது. பக்கத்து அடுக்ககத்தில் ஒரு தடவை பட்டப்பகலில் மருந்து அடித்தார்கள். கொட்டு வாங்கியது கீழே நின்ற வாட்ச்மேன். பால்கனிக் கதவைச் சாத்துங்கள், ராத்திரி அங்கே விளக்குப் போடாதீர்கள். பருவம் மாறினால் தானாகக் கிளம்பிவிடும். போனதும் மெழுகைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

மாடியில் வளர்க்கும் பப்பாளியில் பஞ்சு மாதிரி வெள்ளை. என்ன அடிப்பது? (பாணஸ்வாடி)

முதலில் லென்ஸ் எடுங்கள். அது பப்பாளி மாவுப்பூச்சி, பூர்வீகம் மெக்சிகோ பக்கம். 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்து அடித்துப் பார்த்தார்கள், மாவுப்பூச்சி உடம்பிலுள்ள மெழுகில் மருந்து ஒட்டவில்லை. 2010-ல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சின்னக் குளவிகளைத் தருவித்தது. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். சில மாதங்களில் தோட்டங்கள் தெளிந்தன. என் வேலைக்காலத்தில் இவ்வளவு சுத்தமான வெற்றி வேறு பார்த்ததில்லை.

உங்கள் இலையில் சில மாவுப்பூச்சிகள் உப்பி, பழுப்பேறி, முதுகில் ஒரு ஓட்டையோடு காய்ந்து கிடந்தால் குளவி வந்தாயிற்று என்று அர்த்தம். இப்போது மருந்து அடித்தால் சாவது குளவிதான். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும்.

மல்பெரி போனால் பட்டுப்புழு பட்டினி. ஒரு கூட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நூல் வைத்திருக்கும் அந்தப் புழுவின் பட்டுக்கான மத்திய வாரியத்தின் பெயர் கொண்ட சில்க் போர்டு சிக்னலில்தான் முக்கால் மணி நேரம் நிற்கிறோம்.

இறால் தின்றால் தடிப்பு. வீட்டுத் தூசியிலும் தும்மல். சம்பந்தம் உண்டா? (ஜெயநகர்)

இருக்கலாம். தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிக்கும் கரப்பானுக்கும் இறாலுக்கும் ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாத்தா, கப்பன் பார்க்கில் ஒரு எறும்பு நூல் விட்டுத் தொங்கியது. அம்மா நம்பவில்லை. (ஏழு வயது, ஃப்ரேஸர் டவுன்)

நான் நம்புகிறேன் கண்ணு. அது எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. எறும்புக்குக் கால் ஆறு, உணர்கொம்பு இரண்டு. இதற்கு உணர்கொம்பே கிடையாது. அதனால் முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டிக்கொண்டு, மீதி ஆறில் நடக்கும். குருவி அதை எறும்பென்று நினைத்து விட்டுவிடும். அடுத்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணிக் காட்டு. கை மட்டும் வைக்காதே, நிஜ முசுறு எறும்பும் அதே மரத்தில்தான் இருக்கும், அது நன்றாகவே கடிக்கும்.