ஆல்டர்னேட்டரை (வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) மாற்றியும் பேட்டரி இறங்குகிறது, மெக்கானிக்கிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், ஆனால் அதற்கு முன் பில்லையும் கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் ஊரில் எனக்கும் இதே கதைதான்: 14,000 ரூபாய் போன பிறகு, ராமநாதபுரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் உப்புக்காற்றில் பூத்துப்போய்க் கிடந்தது, சுரண்டி மாட்டியதும் எல்லாம் சரி. நம் கடற்கரைப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான், ஆனால் யார் பார்க்கிறார்கள்! பழைய ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லி, நன்றாக இருந்தது என்று அந்த எலக்ட்ரீஷியனிடமே எழுதி வாங்கினேன். அதைக் காட்டி நிதானமாகப் பேசியதில் முதல் மெக்கானிக் கூலியை மட்டும் திருப்பித் தந்தார். உங்கள் ஆள் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.