கேமராக் கேள்விகள்: சுகிமோட்டோவின் கடல்

கேள்வி: ஆன்மிகப் படங்கள் எடுக்க ஆசை. கிரிவலப் பாதையில் சாமியார்கள், அகல்விளக்கு, கோபுரம் என்று எடுத்துத் தள்ளிவிட்டேன். எல்லாமே காலண்டர் படம் மாதிரி இருக்கின்றன. இயற்கையையும் ஆன்மிகத்தையும் உருப்படியாகப் படம் பிடித்த ஒருவரைச் சொல்லுங்களேன்.
(வாசகர், திருவண்ணாமலை)

பதில்: ஹிரோஷி சுகிமோட்டோ. 1948-ல் டோக்கியோவில் பிறந்தவர், 1970-களிலிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர். அவருடைய கடல் படங்களை முதலில் பாருங்கள், கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படம், மேல் பாதி வானம், கீழ்ப் பாதி தண்ணீர், அவ்வளவுதான். படகு கிடையாது, பறவை கிடையாது, கரைகூடக் கிடையாது. 1980-ல் ஜமைக்காவில் கரீபியன் கடலில் ஆரம்பித்து, கருங்கடல், ஜப்பான் கடல், அயர்லாந்துப் பக்கத்து அட்லாண்டிக், அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி என்று பல வருடங்களாக இதே சட்டகத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தார்.

ஆதி மனிதன் பார்த்த ஒரு காட்சியை இன்றைக்கு நாமும் அதேபோலப் பார்க்க முடியுமா என்று அவருக்குள் ஒரு கேள்வி. மலையைக் குடைந்துவிட்டோம், காட்டை வெட்டிவிட்டோம், நிலத்தில் மனிதன் கை படாத இடம் அரிது. அப்போது மிச்சமிருப்பது கடலும் அதற்கு மேலே காற்றும்தான் என்று முடிவுக்கு வந்தார். உங்கள் படங்களில் சிக்கல் சாமியாரிடம் இல்லை. 'இது ஆன்மிகம்' என்று படமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது, பார்ப்பவனுக்கு வேலையே மிச்சம் வைக்கவில்லை.

கேள்வி: தண்ணீரும் வானமும்தானே? என் பையன் மெரினாவில் செல்போனிலேயே எடுத்துவிடுவான். இதில் என்ன பெரிய கலை?
(வாசகர், சென்னை)

பதில்: எடுக்கச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் தொடுவானம் துளியும் சாயாமல் படத்தைச் சரிபாதியாக வெட்ட வேண்டும் (தொடுவானத்தை நடுவில் வைக்காதே, மூன்றில் ஒரு பங்கில் வை என்று வகுப்பில் ஒரு விதி சொல்லித்தருவார்களே, அதை இந்த ஆள் கண்டுகொள்வதே இல்லை). சட்டகத்துக்குள் கப்பல் எதுவும் வரக் கூடாது. அதையெல்லாம் விடுங்கள், அவர் பயன்படுத்துவது பெரிய ஃபிலிம் போடும் பழைய பாணிக் கேமரா, அதில் போடும் ஒரு ஃபிலிம் ஷீட்டே 8-க்கு 10 அங்குலம். அலையின் ஒவ்வொரு சுருக்கமும் அதில் பதிகிறது. ஒன்றரை மீட்டர் அகலப் பிரிண்ட் முன்னால் நின்றால்தான் அது தெரியும், செல்போன் திரையில் சாம்பல் பட்டை இரண்டுதான் தெரியும். உங்கள் பையனை நான் குறை சொல்லவில்லை, சரியா?

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே இவர் இயற்கையைத்தான் எடுத்தாரா?
(வாசகர், ஈரோடு)

பதில்: பொய்யான இயற்கையில்தான் ஆரம்பம்! நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளை நிறுத்தி, பின்னால் திரை வரைந்து வைத்திருப்பார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது அது நிஜக் காடு மாதிரி தெரிந்ததாம், கேமராவுக்கும் ஒரே கண்தானே. 1976-ல் அங்கே அவர் எடுத்த பனிக்கரடியைப் பார்த்தால் துருவத்துக்கே போய் எடுத்த படம் என்றுதான் நினைப்பீர்கள். அப்புறம் பழைய சினிமாத் தியேட்டர்கள். சினிமா ஆரம்பிக்கும்போது கேமராவின் ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) திறந்து, முடியும்போது மூடுவது. இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 ஃபிரேம்கள் ஓடும், அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து திரை வெறும் வெள்ளையாகிவிடுகிறது. கதை, நாயகன், சண்டை எல்லாம் போய் வெளிச்சம் மட்டும் மிச்சம். கடலுக்கு இங்கிருந்துதான் வந்தார் என்பது என் எண்ணம்.

கேள்வி: அவர் பௌத்தத் துறவியா? தியானம் செய்கிறவரா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: துறவி இல்லை, வியாபாரியாகவும் இருந்தவர். நியூயார்க்கில் ஜப்பானியப் பழம்பொருள் கடை நடத்தினார், பௌத்தக் கலை மேல் பிடிப்பு இறுகியது அந்தக் காலத்தில்தான். புகைப்படம் விற்றால் சோறு வராத நாட்களில் கடை கைகொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கலைஞர்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பகுதியை ஏனோ எல்லோரும் தாண்டிவிடுகிறோம்.

கியோட்டோவில் சான்ஜூசான்கென்டோ என்று ஒரு கோயில், 120 மீட்டர் நீள மண்டபம். உள்ளே ஆயிரம் கைகள் கொண்ட கன்னோன் (நம் அவலோகிதேஸ்வரர்தான், பௌத்தத்தில் கருணையின் வடிவம்) சிலைகள் வரிசை வரிசையாக 1,001. பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டில் செய்தவை, முந்தைய மண்டபம் எரிந்தபோது தப்பியவை 124. அங்கே படமெடுக்க அனுமதி வாங்கவே சுகிமோட்டோவுக்கு ஏழு வருடம் ஆனது. 1995-ல் கிடைத்தது. மண்டபம் கிழக்கு பார்த்தது. மின்விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, கோடைக் காலையில் ஹிகாஷியாமா மலைக்கு மேலே சூரியன் ஏறி, தங்க முலாமில் வெளிச்சம் பட்டுத் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் எடுத்தார். சிலைகளைச் செய்தவர்கள் காலத்து மனிதன் என்ன பார்த்திருப்பான் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதாவது கடலில் கேட்ட அதே கேள்வி, இங்கே கோயிலுக்குள். 'புத்தர்களின் கடல்' என்று அந்தத் தொடருக்குப் பெயரும் வைத்தார்.

எனக்கு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு உண்டு. 48 படங்கள், எல்லாவற்றிலும் ஒரே சட்டகம், இருபதாவது படத்துக்குமேல் நான் முகங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இது என் பொறுமையின் அளவா, படத்தின் குறையா என்று நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜப்பான் போகிறேன். இவர் வேலையை எங்கே பார்க்கலாம்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒடவாராப் பக்கம் போங்கள். சுரங்கத்திலிருந்து ரயில் வெளிவந்ததும் சட்டென்று தெரிந்த கடல்தான் தன் முதல் நினைவு என்று சுகிமோட்டோ சொல்வார், அது இந்தப் பாதைதான். முன்பு ஆரஞ்சுத் தோட்டமாக இருந்த மலைச்சரிவில் 2017-ல் எனோவுரா என்ற கலை வளாகத்தைத் திறந்தார். அங்கே 100 மீட்டர் நீளக் கூடம் ஒன்று, கோடையின் மிக நீண்ட நாளில் உதிக்கும் சூரியனுக்கு நேராகக் கட்டியது. 70 மீட்டர் இரும்புச் சுரங்கம் இன்னொன்று, குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளுக்கு. நவோஷிமா தீவில் கண்ணாடிப் படிக்கட்டு வைத்து அவர் 2002-ல் புதுப்பித்த சிறிய ஷிண்டோ (ஜப்பானின் பாரம்பரிய மதம்) கோயிலும் இருக்கிறது, அதன் நிலவறையிலிருந்து வெளியே வரும் இடுக்குப் பாதையில் எதிரே கடல் தெரியும், நேரம் இருந்தால் அதையும் பாருங்கள். எனோவுராவுக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.